ஊர்ப் பள்ளியில் எல்லாம் இருக்கிறது, குழாயில் தண்ணீர் இல்லை

சிங்கப்பூரில் ஜூன் விடுமுறை விடும்போது நம்மூரில் பள்ளி திறந்துவிடும். அதனால்தான் இந்த 2025 பயணத்தில், பட்டுக்கோட்டைப் பக்கம் நான் படித்த ஒன்றியத் தொடக்கப் பள்ளியை நடக்கிற நேரத்திலேயே போய்ப் பார்க்க முடிந்தது. பாதி மனசு குளிர்ந்துபோனது. மீதி இன்னும் எரிகிறது.

எட்டேகால் மணிக்கெல்லாம் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புதன்கிழமை என்பதால் வெண்பொங்கல், காய்கறி சாம்பார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு இது. எங்கள் செட்டில் வெறும் வயிற்றோடு வந்து பிரேயரில் மயங்கி விழுந்தவர்கள் யார் யார் என்று இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சத்துணவு மணி அடித்தால்தான் அன்றைய முதல் சோறு. இப்போது சமைக்கிற அக்காவின் மகனும் இதே பள்ளிதான். "எம்புள்ள திங்கிற சோறு தம்பி, உப்பு ஒரு கல்லு கூடுனாலும் வீட்ல வந்து சண்டை போடுவான்" என்றார். சிங்கப்பூரில் என் மகள் கேன்டீனில் காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறாள். இந்த ஒரு விஷயத்தில் நம்மூர் முந்திவிட்டது என்று யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுத்துக் கூட்டாமல் ஒரு பக்கத்தை முழுதாக வாசித்தாள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பலன் கண்ணெதிரே தெரிந்தது. நாங்கள் ஐந்தாம் வகுப்பில்கூடத் திணறினோம்.

இனி அந்தக் கழிப்பறை. நீல டைல்ஸ், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் வாஷ்பேசின், சுவரில் கை கழுவும் படம். கட்டியவர்கள் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பின்பக்கம் போனேன். தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மூடி இல்லை, பிரிந்து தொங்கிய ஒயரில் கேரிபேக்கைச் சுற்றியிருந்தார்கள். மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள், அதாவது 'காயில்', எரிந்துவிட்டதாம். கோடை விடுமுறைக்கு முன்பே! ஐந்தாம் வகுப்புப் பையன்கள் தெருக் குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். பெண் பிள்ளைகள் இன்டர்வெல்லில் வீட்டுக்கு ஓடுகிறார்கள். வீடு தூரமென்றால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதை என்னிடம் சொல்லும்போது தலைமை ஆசிரியையின் குரல் கம்மியது. "போன தடவை நானே கைக்காசு போட்டு மாத்துனேன் சார். எத்தனை தடவை போடுறது?"

யாரிடம் கேட்பது என்று கிளம்பினேன். தண்ணீர் திறந்துவிடுகிறவர், அது ஊராட்சி போட்ட மோட்டார் இல்லை என்றார். ஊராட்சியில் கேட்கலாமென்றால் தலைவரே இல்லை. 2025 ஜனவரியோடு எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் பதவிக்காலம் முடிந்துவிட்டது, நான் போனபோது தேர்தல் நடந்திருக்கவில்லை, தனி அலுவலர்தான் பொறுப்பில் இருந்தார். அலுவலகத்தில் மதிப்பீடு போட வேண்டும் என்றார்கள். அதற்கு ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அவர் எப்போது வருவார் என்பதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் லிப்ட் நின்றால் கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறது, கூப்பிட்டால் ஆள் வருவார். கடைசியில் பட்டுக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தோம். ரெண்டாயிரத்துச் சொச்சத்தில் காயில் கட்டிக் கொடுத்துவிட்டார். இதற்காகவா பெண் பிள்ளைகள் இத்தனை நாள் தவித்தார்கள்? பெரிய கட்டடத்துக்கு ஒதுக்க முடிகிற பணத்தில், பழுது பார்க்கவென்று தலைமை ஆசிரியர் கையில் தாராளமாக ஒரு தொகையை ஏன் கொடுக்கக் கூடாது?

பெற்றோர் வேனுக்குப் பணம் கட்டி டவுன் பள்ளிக்கு அனுப்புவதற்கு இங்கிலீஷ் மோகம் மட்டுமே காரணமில்லை. பலர் என்னிடம் சொன்னது கழிப்பறையைத்தான். பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியரும் குறைகிறார். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அந்த இருவர்தான் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தலையில் மொத்தப் பள்ளியும். என் மகளின் ஒரு வகுப்பு அளவுக்கு மேல் கொஞ்சம் பிள்ளைகள் இருக்கிற பள்ளிதான், ஆனால் அத்தனை பேரும் ஒரே வகுப்பு இல்லையே.

2024-ல் பள்ளி மேலாண்மைக் குழுவைத் திரும்ப அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். எங்கள் பள்ளியில் அந்தப் பெயர்கள் காகிதத்தோடு சரி. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நாங்கள் பணம் அனுப்பத் தயார், ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஊரிலேயே ஆள் வேண்டும். என்னோடு படித்தவர்களில் ஊரோடு இருக்கிற இரண்டு பேரிடம் பேசிவிட்டேன், அடுத்த கூட்டத்துக்குப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மூடி போட்டாச்சா என்று அவர்களிடம் வாரா வாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.