இரண்டு வெள்ளிச் சீட்டும் இருபத்தைந்து வெள்ளிச் சில்லும்

சூதாட்டக்கூடத்துக்குப் போவதை நான்கு ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டேன். இப்போது புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் இரண்டு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு ஃபோர்-டி எண், அதாவது நான்கு இலக்க லாட்டரிச் சீட்டு, எடுக்கிறேன். சிங்கப்பூரில் கணக்குத் தெரிந்த நண்பர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நல்ல பந்தயத்தைக் கைவிட்டுவிட்டு, ஊரிலேயே மோசமான பந்தயத்தைப் பிடித்துக்கொண்டவன் என்று என்னைச் சொல்கிறார்கள். சதவீதத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான்.

அந்தச் சதவீதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபோர்-டியில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு. ‘பிக்’, ‘ஸ்மால்’ என்று இரண்டு வகைப் பந்தயம் எழுதலாம். ‘பிக்’ என்று எழுதிய ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,000, இரண்டாம் பரிசு 1,000, மூன்றாம் பரிசு 490 வெள்ளி. அதற்குக் கீழே பத்து எண்களுக்குத் தலா 250, இன்னொரு பத்து எண்களுக்குத் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,590. அதாவது பத்தாயிரம் எண்களையும் பத்தாயிரம் வெள்ளிக்கு வாங்கினால் 6,590 வெள்ளிதான் திரும்பி வரும். வெள்ளிக்கு 34 காசு போய்விடுகிறது. ‘ஸ்மால்’ எழுதினால் மூன்று பரிசுகள் மட்டும். போவது 42 காசு.

பக்காரா என்பது ‘பிளேயர்’, ‘பேங்கர்’ என்ற இரண்டு பக்கங்களில் எது ஜெயிக்கும் என்று பந்தயம் வைக்கும் சீட்டுக்கட்டு ஆட்டம். அந்த மேசையில் ‘பிளேயர்’ பக்கம் வைத்தால் கூடத்தின் பங்கு, அதாவது பந்தயத்தில் சராசரியாகக் கூடத்துக்குப் போவது, 1.24 சதவீதம். ‘பேங்கர்’ பக்கம் வைத்தால், வெற்றியில் ஐந்து சதவீதத் தரகு கழித்த பிறகும் 1.06 சதவீதம்தான். ‘டை’ (சமன்) பக்கம் மட்டும் கை வைக்கக் கூடாது. எட்டு மடங்கு தருவதாக ஆசை காட்டிவிட்டு 14 சதவீதத்துக்கு மேல் அள்ளிக்கொள்ளும். தரகே இல்லை என்று அழைக்கும் மேசைகளிலும் கவனம் வேண்டும். பேங்கர் ஆறு எண்ணிக்கையில் ஜெயித்தால் பாதிதான் தருவார்கள் என்றால், அங்கே கூடத்தின் பங்கு 1.46 சதவீதம். எண்கள் எழுதிய சக்கரத்தில் பந்தை உருட்டும் ரூலெட்டில் ஒற்றைச் சுழியம் இருந்தால் 2.7, இரட்டைச் சுழியம் இருந்தால் 5.26. பணத்துக்குப் பதிலான சில்லை வைப்பதற்குள் சக்கரத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு பக்கம் 34, மறுபக்கம் ஒன்றேகால். பிறகு ஏன் சீட்டு?

ஒரு வெள்ளிக்கு எவ்வளவு போகிறது என்பது பாதிக் கணக்குதான். ஒரு மாலையில் எத்தனை வெள்ளி மேசையைக் கடக்கிறது என்பது மீதிப் பாதி. இதை நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். விளையாடாமல், பின்னால் நின்று, கைபேசியில் நேரம் குறித்து. பக்காராவில் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஓர் ஆட்டம். என் மேசையில் குறைந்தபட்சப் பந்தயம் 25 வெள்ளி. மணிக்கு அறுபது ஆட்டம் என்றால் 1,500 வெள்ளி பந்தயம் ஆகிறது. பையில் இருப்பது முந்நூறு வெள்ளிதான். அதே சில்லுகள்தான் போய்ப் போய் வருகின்றன. ஆனால் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் கூடம் தன் ஒன்றேகால் சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. மணிக்குச் சராசரியாக 18 வெள்ளி 60 காசு. நான்கு மணி நேரத்துக்கு 75 வெள்ளி. ரூலெட் மெதுவானது, மணிக்கு முப்பத்தைந்து சுற்று என்று வையுங்கள். ஆனால் பங்கு இருமடங்கு என்பதால் அங்கும் மணிக்கு 23 வெள்ளி ஆகிவிடுகிறது.

சீட்டின் பக்கம் வாருங்கள். வாரத்துக்கு ஆறு வெள்ளி, ஆண்டுக்கு 312. அதில் சராசரியாகப் போவது 106 வெள்ளி. ஓர் ஆண்டு முழுக்க நான் ஃபோர்-டியில் சராசரியாக இழப்பதை பக்காரா மேசை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிடும். சீட்டை எத்தனை முறை முறைத்துப் பார்த்தாலும் மாலை ஆறரை மணிக் குலுக்கல் முன்கூட்டி வராது. அந்தக் காத்திருப்புதான் என்னைக் காப்பாற்றுகிறது.

இன்னொன்று நுழைவு வரி. வேலை அனுமதியில் இருந்தவரை பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு இலவசமாகப் போய்வந்தேன். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2019க்கு முன்பு அது 100. நிரந்தரவாசியான பிறகு முதல் முறை 150 கட்டியபோதுதான் எனக்குக் கணக்குப் போடத் தோன்றியது. நான்கு மணி நேரம் ஆடினால் ஏற்ற இறக்கம் முந்நூற்று எழுபது வெள்ளி அளவுக்கு இருக்கும். அதனால் வரி இல்லாதபோது பத்து மாலைகளில் நான்கில் லாபத்தோடு எழுந்து வர முடியும். வரியையும் சேர்த்தால் நான்கு மாலைகளில் ஒன்றுதான் தேறும். கட்டியவர்கள் ‘150ஐ எடுத்துவிட்டுத்தான் போவேன்’ என்று இன்னும் நான்கு மணி நேரம் உட்காருவதையும் பார்த்திருக்கிறேன். நானே உட்கார்ந்திருக்கிறேன்.

மேசைக்கு மேலே ஒரு திரை, முந்தைய முடிவுகளைச் சிவப்பும் நீலமுமான வட்டங்களாகக் காட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதை அட்டையில் பேனாவால் நகலெடுத்து, “தம்பி, ஏழு தடவை பேங்கர் வந்துவிட்டது, இனி பிளேயர்தான்” என்றார். எட்டாவதும் பேங்கர். அவரைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. விபத்தில் சிக்கிய காரின் எண்ணை ஃபோர்-டியில் எழுத வரிசையில் நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். அப்படிப்பட்ட எண்கள் சில நேரம் விற்றுத் தீர்ந்துவிடும். அன்று இரண்டு வெள்ளி மிச்சம்.

இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டிய சீட்டுக்கட்டு ஆட்டமான பிளாக்ஜாக் பற்றிக் கேட்பார்கள். எந்தக் கைக்கு எந்த முடிவு என்ற அட்டவணையை மனப்பாடம் செய்து பிசகாமல் ஆடினால், கூடத்தின் பங்கு அரை சதவீதத்துக்கு அருகே இறங்கும். நான் இரண்டே மாலைகள் ஆடியவன். பதினாறு எண்ணிக்கை கையில் இருக்கும்போது கை நடுங்கி அட்டவணையை மறந்தவன். நிதானம் உள்ளவர்களுக்கு என் முடிவு பொருந்தாமல் போகலாம். ஸ்லாட் இயந்திரங்களைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. பக்காராவைவிட வேகம், பக்காராவைவிடப் பெரிய பங்கு.

என் வாதம் உடையும் இடமும் எனக்குத் தெரியும். அது இரண்டு வெள்ளிச் சீட்டுக்கு மட்டுமே நிற்கிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் குலுக்கலுக்கு ஐம்பது வெள்ளி எழுதுகிறார். ஆண்டுக்கு 7,800 வெள்ளி. சராசரி இழப்பு 2,660. அவர் ஆண்டுக்குப் பத்து முறை வரி கட்டி பக்காரா ஆடினால்கூட அதைவிடக் குறைவாகத்தான் போகும். விட்டதைப் பிடிக்க அடுத்த குலுக்கலில் இரட்டிப்பாக எழுதுகிறவருக்கும் சீட்டின் மெதுவான வேகம் உதவாது. அந்த அண்ணனிடம் ஒரு முறை இதைச் சொன்னேன். “எனக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது விழுகிறதே” என்றார். உண்மைதான். எத்தனை எண் எழுதுகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

என் அளவில் ஒரே எண்ணை ஆண்டு முழுக்க, 156 குலுக்கல்களில் எடுத்தால் ஏதாவது ஒரு பரிசு விழ முப்பது சதவீத வாய்ப்பு. பத்தில் ஏழு ஆண்டுகள் 312 வெள்ளியும் முழுசாகப் போகும். அதனால் அதை வீட்டுக் கணக்கில் மொத்தமும் செலவாகவே எழுதுகிறோம், கேபிள் கட்டணத்துக்குக் கீழே. சென்ற ஆண்டு கடைசி வரிசைப் பரிசு ஒன்று விழுந்தது, இரண்டு வெள்ளிக்கு 120. மனைவி அதை வரவுப் பக்கத்தில் எழுத மறுத்துவிட்டாள். செலவுப் பக்கத்திலேயே 312ஐ அடித்துவிட்டு 192 என்று எழுதினாள்.