8ஆம் பூசையா, 18ஆம் பூசையா?

தாளக்கட்டில்லாத கிரகோரியன் இசையில், திருப்பலியின் மாறாத பாடல்களுக்கான மெட்டுத் தொகுதிகளை 'பூசை' என்று எண்ணிட்டுச் சொல்வார்கள். புதுச்சேரிப் பங்குகளில் இலத்தீனில் பாட விரும்புவோர் அவற்றில் இந்த இரண்டுக்கும் இடையே தயங்குகிறார்கள்.

எளிமை: 8இல் 'கீரியே' ('ஆண்டவரே இரக்கமாயிரும்'; அது இலத்தீனல்ல, கிரேக்கம்) ஒரே அசையைப் பல சுரங்களில் இழுப்பதால், பின்வரிசையில் மூச்சு வாங்குகிறது. 18இன் 'சாங்க்துஸ்' ('தூயவர்') பெரும்பாலும் அசைக்கொரு சுரமாகவும், 'ஆஞ்ஞுஸ் தேயி' ('இறைவனின் செம்மறி') நம் மன்றாட்டுமாலை போலவும் நகர்வதால், இரண்டே ஞாயிறுகளில் பாட்டிமார்கூடப் பாடிவிடுவார்கள்.

முழுமை: 18இல் 'குளோரியா' ('உன்னதங்களிலே') கிடையாது, 1974இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட 'யூபிலாத்தே தேயோ' என்ற எளிய இலத்தீன் பாடல் தொகுப்பும் அதை 8இலிருந்தே எடுத்துக்கொண்டது.

செலவு: இரண்டுக்கும் நகலெடுக்கும் தாள்தான்.

கீபோர்டில் தாளம் போட்டால் இரண்டுமே கெடும். பயிற்சி பெற்ற பாடகர் குழுவோடு கிறிஸ்துமஸ், பாஸ்கா கொண்டாடும் பங்குக்கு 8 பொருந்தும். தவக்காலத்துக்கும், குழுவே இல்லாத காலைத் திருப்பலிக்கும் 18ஐத்தான் பரிந்துரைப்பேன்.