நவீன ரூட்ஸ் ரெகே: எந்த வகைத் தொகுப்பிலிருந்து தொடங்குவது?

1981 மே மாதத்தில் ஜமைக்கப் பாடகர் பாப் மார்லி மறைந்ததோடு, சமூகத்தையும் இறைநம்பிக்கையையும் பாடும் ரெகே வகையான ரூட்ஸ் ரெகேயின் கதையும் முடிந்துவிட்டதாக எண்ணுவோர் பலர். அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஜமைக்காவில் இந்த இசை உயிரோடு இருக்கிறது. 1985-இல் கிங் ஜாமியின் தயாரிப்பில் வேய்ன் ஸ்மித் பாடிய 'அண்டர் மி ஸ்லெங் டெங்' வெளிவந்து, மின்னணுத் தாளத்தின் மேல் எழுந்த டான்ஸ்ஹால் என்ற நடன இசையின் அலை ரூட்ஸைச் சில ஆண்டுகள் ஓரங்கட்டியது உண்மைதான். ஆனால் 1990-களில் கார்னெட் சில்க், லூசியானோ, சிஸ்லா ஆகியோர் வழியாகவும், 2010-களில் குரோனிக்ஸ், புரோட்டோஜே, ஜா நைன், கபாகா பிரமிட் ஆகியோர் வழியாகவும் அது இரண்டு முறை புத்துயிர் பெற்றது. 2018-இல் யுனெஸ்கோ ஜமைக்காவின் ரெகேயை மானுடத்தின் அருவக் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அந்த அங்கீகாரம் எழுபதுகளின் நினைவுக்கு மட்டுமன்றி, இன்றும் பாடுகிறவர்களுக்கும் உரியதாகவே இருந்தது.

இந்தப் பிற்கால இசையின் பெரும்பகுதி தனிப்பாடல்களாக வெளிவந்ததால், புதிதாகக் கேட்க வருகிறவருக்குத் தொகுப்புகளே வாசல். ஆண்டின் வெற்றிப் பாடல்களைத் திரட்டும் தொகுப்பு, ரிடிம் எனப்படும் ஒரே இசை அடித்தளத்தின் மீது பலர் பாடிய தொகுப்பு, ஒரு தயாரிப்பாளரின் பணியைத் திரட்டும் தொகுப்பு என மூன்று வகைகள் முதன்மையானவை. மூன்றும் ஒரே இசையைத் தருவதாகச் சொன்னாலும், அவை தரும் புரிதல் ஒன்றல்ல. ரூட்ஸ் ரெகே எப்படி உருவாகிறது என்பதை அறிய விரும்புகிறவர் இரண்டாவது வகையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் வகைக்கு எளிதில் கிடைக்கும் எடுத்துக்காட்டு வி.பி. ரெக்கார்ட்ஸின் வெளியீடுகள். கிங்ஸ்டனில் ராண்டிஸ் என்ற இசைத்தட்டுக் கடையை நடத்திவந்த வின்சென்ட், பட்ரீசியா சின் தம்பதியர் எழுபதுகளின் இறுதியில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் தொடங்கிய வணிகமே பின்னாளில் இந்த நிறுவனமாக வளர்ந்தது. 1991-இல் தொடங்கிய 'ஸ்ட்ரிக்ட்லி தி பெஸ்ட்', 1993-இல் தொடங்கிய 'ரெகே கோல்ட்' ஆகிய இரு வரிசைகளும் அந்தந்தக் காலத்தில் மக்கள் எதைக் கேட்டார்கள் என்பதற்கு நல்ல ஆவணங்கள். ஆனால் 'ரெகே கோல்ட்' தொகுப்பில் டான்ஸ்ஹாலும் காதல் பாடல்களும் ரூட்ஸும் கலந்தே வரும். ரூட்ஸை மட்டும் தேடுகிறவர் பாடல்களைத் தாண்டித் தாண்டித்தான் கேட்க வேண்டும். 'ஸ்ட்ரிக்ட்லி தி பெஸ்ட்' பிற்காலத்தில் இரண்டிரண்டு தொகுதிகளாக வந்து, ஒன்று ரெகேக்கும் மற்றொன்று டான்ஸ்ஹாலுக்கும் ஒதுக்கப்பட்டதால், இரண்டில் இதுவே இந்தத் தேடலுக்குப் பொருத்தமானது. எனினும் ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையே விற்பனை வெற்றியைத் தவிர வேறு தொடர்பு இல்லாதபோது, இருபது பாடல்களைக் கேட்ட பிறகும் இசையின் உள்ளமைப்பு கேட்பவருக்குப் பிடிபடுவதில்லை.

ஒற்றை ரிடிம் தொகுப்பு இதற்கு நேர்மாறானது. ரெகேயில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து அமைக்கும் அடித்தளமே ரிடிம். ஒரு தயாரிப்பாளர் அதைப் பதிவுசெய்து பல பாடகர்களிடம் கொடுப்பார். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு மெட்டையும் சொல்லையும் கொண்டுவந்து அதன் மேல் பாடுவார்கள். ஒரே ஈற்றடியைக் கொடுத்துப் புலவர் பலரை வெண்பா பாடச் சொன்ன பழைய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் சுவை உடனே புரியும். ரூப்பி எட்வர்ட்ஸ் 1974-இல் வெளியிட்ட 'யமஹா ஸ்காங்க்' இவ்வகையின் முன்னோடி. 2000-க்குப் பின் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனமும் வி.பி.யும் இதற்கெனத் தனி வரிசைகளையே நடத்தின. அவற்றில் டான்ஸ்ஹால் ரிடிம்களே மிகுதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரூட்ஸ் ரிடிம்களைப் பெயர் கேட்டுத் தேடி எடுக்க வேண்டும்.

அப்படித் தேடத் தகுந்தவற்றுள் முதலில் நிற்பது ஜமைக்கத் தயாரிப்பாளர் டான் கொர்லியோன் 2005-இல் அமைத்த 'ட்ராப் லீஃப்'. வேகம் குறைந்த, மென்மையான ரிடிம் இது. அப்போது சிறைத்தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஜா கியூர் இதன் மேல் 'லாங்கிங் ஃபார்' என்ற பாடலைப் பாடினார். அது பிரிவில் ஏங்கும் காதலின் குரல். அதே அடித்தளத்தின் மேல் டி.ஓ.கே. குழுவினர் பாடிய 'ஃபுட்பிரின்ட்ஸ்', வன்முறைக்குப் பலியானவர்களை எண்ணி அழும் இரங்கற்பா. பேஸ் மாறவில்லை, தாளம் மாறவில்லை. ஆனாலும் ஒன்றில் ஏக்கமும் மற்றொன்றில் துக்கமும் முழுமையாக நிற்கின்றன. பாடகர் கொண்டுவருவது எது, ரிடிம் கொடுப்பது எது என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் வாய்ப்பு வேறு எந்த வகைத் தொகுப்பிலும் இல்லை.

ரிடிம்கள் நாடும் தலைமுறையும் கடந்து பயணிப்பதையும் இந்த வழியில்தான் உணர முடிகிறது. 2002-இல் டான்யா ஸ்டீவன்ஸ் பாடிப் பெரும் வரவேற்பைப் பெற்ற 'இட்ஸ் எ பிட்டி', ஜெர்மனியின் ஜெர்மைக்கன் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'டாக்டர்ஸ் டார்லிங்' என்ற ரிடிமின் மேல் அமைந்தது. டேமியன் மார்லி 2005-இல் பாடிய 'வெல்கம் டு ஜாம்ராக்', ஸ்லை அண்ட் ராபி இணை அமைத்து ஐனி கமோஸி 1984-இல் பாடிய 'வேர்ல்ட் எ மியூசிக்' பாடலின் பகுதியை எடுத்தாண்டது. பழைய அடித்தளத்தின் மேல் புதிய கோபம் ஏறும்போது பிறக்கும் வலிமையை, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களே முழுமையாக அறிவார்கள்.

இந்த வகையின் குறையும் வெளிப்படையானது. ஒரே பேஸ் வரியைப் பதினைந்து முறை கேட்பது பழக்கமில்லாத காதுக்குச் சலிப்பூட்டும்; சில பாடகர்கள் இடத்தை நிரப்புவதற்காகவே சேர்க்கப்பட்டிருப்பார்கள். ஆகவே முழுத் தொகுப்பையும் ஒரே அமர்வில் கேட்க வேண்டியதில்லை. பாடல் இல்லாத வாத்திய வடிவம் இருந்தால் அதை முதலில் கேட்டு, டிரம்மர் முதல் தட்டைக் காலியாக விட்டு மூன்றாம் தட்டில் அழுத்தம் கொடுக்கும் 'ஒன் ட்ராப்' முறையைக் காதில் பதித்துக்கொண்டு, பிறகு மூன்று நான்கு பாடகர்களை மட்டும் கேட்டால் போதும்.

தயாரிப்பாளர் தொகுப்பு அடுத்த படி. இதற்கு நான் பரிந்துரைப்பது பாபி டிஜிட்டல் எனப்படும் ராபர்ட் டிக்சனின் பாடல்களை வி.பி. நிறுவனம் திரட்டிய தொகுப்புகள். அவற்றுள்ளும் 2017-இல் 'சீரியஸ் டைம்ஸ்' என்ற பெயரில் வந்த இரண்டாம் தொகுதி. கிங் ஜாமியிடம் ஒலிப்பொறியாளராக இருந்து மின்னணு ஒலியில் தேர்ந்த இவரே, பின்னர் கார்னெட் சில்க்கின் 'இட்ஸ் க்ரோயிங்' ஆல்பத்தையும் மார்கன் ஹெரிட்டேஜ் குழுவின் சிறந்த ஆல்பங்களையும் தயாரித்து ரூட்ஸின் மீட்சிக்குத் துணைநின்றார். அவருக்கு இணையாக நின்றவர் எக்ஸ்டர்மினேட்டர் நிறுவனத்தின் ஃபாடிஸ் பரெல். லூசியானோவின் முக்கியமான பதிவுகள் அவருடைய கையில் உருவானவை. 1997-இல் சிஸ்லா இருவருக்காகவும் தனித்தனியே ஆல்பம் செய்தார்: பரெலுக்கு 'ப்ரெய்ஸ் யீ ஜா', டிக்சனுக்கு 'பிளாக் உமன் அண்ட் சைல்ட்'. குரல் ஒன்று, ஆண்டு ஒன்று, தயாரிப்பாளர் மட்டும் வேறு. ரிடிம் தொகுப்பில் அடித்தளத்தை நிலையாக வைத்துப் பாடகரை ஒப்பிட்ட காது, இங்கே பாடகரை நிலையாக வைத்துத் தயாரிப்பாளரின் கையை ஒப்பிடக் கற்றுக்கொள்கிறது. வாசித்தவர்களின் பெயர்களைத் தாங்கிய சிறுநூல் இணைந்த குறுந்தகடு கிடைத்தால் அதையே வாங்குங்கள்; ஃபயர்ஹவுஸ் க்ரூ என்ற வாத்தியக் குழு, சாக்ஸஃபோன் கலைஞர் டீன் ஃப்ரேசர் போன்றவர்களின் உழைப்பு இணையவழிப் பட்டியல்களில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

2010-களின் தலைமுறைக்கு மட்டும் இந்த மூன்று வகைகளும் போதுமானவையாக இல்லை. அவர்கள் பாடல்களைக் கோத்து ஒரே ஓட்டமாகத் தரும் இலவச மிக்ஸ்டேப்புகள் வழியாகவே உலகைச் சென்றடைந்தார்கள். மேஜர் லேசர் குழுவினர் 2012-இல் குரோனிக்ஸுக்காக வெளியிட்ட 'ஸ்டார்ட் எ ஃபையர்' அதற்குச் சான்று. அதில் பாடல்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று கலந்து ஓடுவதால், பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் சவுண்ட் சிஸ்டம் மேடையருகே நிற்கும் அனுபவம் கிடைக்கிறது. ஆனால் பல பாடல்கள் பாதியிலேயே அடுத்ததற்கு வழிவிடுவதால் இதை முதல் அறிமுகமாகக் கொள்ள இயலாது. குரோனிக்ஸின் 'ஹியர் கம்ஸ் ட்ரபிள்' பாடலை 'ரூட்ஸ்மேன்' ரிடிமில் மற்றவர்களோடு சேர்த்து ஒரு முறையும், 2014-இல் வந்த 'ட்ரெட் அண்ட் டெரிபிள்' வெளியீட்டில் அவருடைய பிற பாடல்களுக்கு நடுவே மற்றொரு முறையும் கேட்டுவிட்டு மிக்ஸ்டேப்புக்கு வருவது நல்லது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க நேரமில்லாதவர் 'ட்ராப் லீஃப்' ரிடிமின் அந்த இரண்டு பாடல்களை மட்டுமாவது, பேஸ் தெளிவாகக் கேட்கும் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இந்த இசையின் பாதி காதுக்கு வந்து சேராது.