ஆன்கி ஆப்: சொல் சேர்க்க உதவும், பேச?

பெங்களூரு அல்சூரில் மெட்ரோ ஏறி ஒயிட்ஃபீல்டு போகிறவர்களுக்கு, ஆங்கிலச் சொற்களைப் புரட்ட ஆன்கி நல்ல துணை. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று நாம் எழுதிவைக்கும் அட்டையை, மறக்கப்போகும் சமயம் பார்த்துத் திரும்பக் காட்டும், அவ்வளவுதான்.

முதல் நாளே செட்டிங்கை மாற்றுங்கள். நாளுக்கு 20 புது அட்டை என்றுதான் வரும். அப்படியே விட்டால் சில வாரங்களில் பழைய அட்டைகள் மலையாகக் குவியும், பலர் கைவிடுவது அங்கேதான். 7 போதும். சொல் மறந்திருந்தால் 'அகெய்ன்' பட்டனை அழுத்துங்கள். மனசு கேட்காமல் 'ஹார்ட்' அழுத்தினால், தெரிந்த கணக்கில் சேர்த்துவிடும்.

அட்டையில் தனிச்சொல் வேண்டாம். 'போஸ்ட்போன்: தள்ளிப்போடு' என்று எழுதினால் பேசும்போது நாக்கில் வராது. முன்பக்கம் 'மீட்டிங்கை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைக்கலாமா?', பின்பக்கம் முழு ஆங்கில வாக்கியம். உச்சரிப்பைத் தமிழில் குறிக்கவே கூடாது. 'பேக்' என்றால் பையா, முதுகா, பொட்டலமா? மூன்றையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுவோம்! ஒலிப்பதிவைச் சேருங்கள். ஆண்ட்ராய்டில் நம் குரலைப் பதிந்து ஒப்பிடவும் வழி உண்டு; மெட்ரோவில் கூச்சமாக இருந்தால் வீட்டில் செய்யலாம்.

அடுத்தவர் செய்துவைத்த டெக்குகளில் (அட்டைத் தொகுப்புகளில்) ஆபீஸ் பேச்சுக்கு உதவாத தேர்வுச் சொற்களே அதிகம்.

எதிரில் இருப்பவர் படபடவென்று கேட்டால் பதில் சொல்ல இந்த ஆப் பழக்காது. அதற்கு ஆள் வேண்டும்: வாரம் இரண்டு முறை, 20 நிமிஷம், அந்த வாரத்து அட்டைகளையே வைத்துப் பேசுங்கள்.