லே வரை பைக், அங்கிருந்து சைக்கிள்: ஸ்ரீநகர் வழியா, மணாலி வழியா?

லடாக் என்று பேச்செடுத்தாலே பைக் ஓட்டும் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "மணாலி ரூட்ல போகலைன்னா லடாக் போனேன்னு வெளிய சொல்லாத மச்சான்" என்பது ஒரு கட்சி. "மொதல்ல நல்லபடியா போய்ச் சேருவோம்டா" என்பது ஸ்ரீநகர் கட்சி. வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சண்டை நடந்தால், யாரிடம் நல்ல போட்டோ இருக்கிறதோ அவர் பக்கம்தான் தீர்ப்பு விழும்.

ஆனால் லே போய்ச் சேர்ந்ததும் மவுன்டன் பைக் (மலைப்பாதைச் சைக்கிள்) ஏறி கர்துங் லா ('லா' என்றால் கணவாய்) உச்சியிலிருந்து இறங்குவதுதான் திட்டம் என்றால் கணக்கே மாறிவிடுகிறது. எந்தச் சாலை அழகு என்பது அப்புறம். எந்தச் சாலையில் போனால் நுரையீரலும் முன்கையும் வேலை செய்யும் நிலையில் லே போய்ச் சேரும் என்று பார்க்க வேண்டும். இந்த அலசல் முழுக்க அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

முதலில் அந்த இறக்கம். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கர்துங் லா 5,359 மீட்டர். (உச்சியில் வைத்த பலகை நெடுங்காலமாக 18,380 அடி என்று சொல்லி வந்தது, ஜிபிஎஸ் வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது 17,582 அடிதான். பலகையோடு போட்டோ எடுக்க வரிசையில் நிற்பவர்கள் யாரும் இதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.) இரண்டுக்கும் நடுவே 40 கி.மீ. அளவுக்குச் சாலை. லேயில் சைக்கிள் வாடகைக்குத் தரும் கடைகள், காலையில் சைக்கிள்களை ஜீப் கூரையில் கட்டி, நம்மையும் ஏற்றிக்கொண்டு போய் உச்சியில் இறக்கிவிடும். அதன் பிறகு மிதிக்க வேண்டியதே அதிகம் இல்லை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் எவ்வளவு உயரம் குறையுமோ கிட்டத்தட்ட அவ்வளவு குறையும். ஆனால் தொடங்கும் இடத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். 2022 செப்டம்பரில் மவுன்டன் பைக் எலிமினேட்டர் உலகக் கோப்பையின் ஒரு சுற்று லேயில் நடந்த பிறகு, சைக்கிளுக்காகவே அங்கே போகலாம் என்ற எண்ணம் நம் ஆட்களுக்கும் வந்திருக்கிறது.

இந்த இறக்கத்துக்குக் கால் பலத்தைவிடப் பிரேக் பிடிக்கும் விரல்கள்தான் முக்கியம். மேலே சவுத் புல்லு செக்போஸ்ட் வரை சாலை பல இடங்களில் கரடுமுரடு. பனி உருகிய தண்ணீர் குறுக்கே ஓடும், நிழல் விழும் வளைவில் அது கண்ணாடி மாதிரி உறைந்தும் கிடக்கும். ராணுவ லாரி எதிரே வந்தால் ஓரம் கட்ட வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மணிக்கணக்கில் லீவரிலேயே இருக்கும். குளிரில் விரல் மரத்துப்போய், முன்கை ஏற்கெனவே களைத்திருந்தால், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே கைக்குத் தெரியாது. பல நாள் பைக் ஓட்டிவிட்டு வருகிற கை அது என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, இப்போது சாலைகளுக்கு வருவோம்.

ஸ்ரீநகரிலிருந்து லே சுமார் 420 கி.மீ. ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்கும் குறைவு. சோஜி லா 3,528 மீட்டர், ஆனால் அதைத் தாண்டி இறங்கிவிடுகிறோம். ராத்தங்கல் கார்கிலில், 2,676 மீட்டர். மறுநாள் நமிகா லா, ஃபோட்டு லா. இந்தச் சாலையிலேயே உயரமானது ஃபோட்டு லாதான், 4,108 மீட்டர். அதையும் கடந்து கீழே வந்து லாமாயுருவிலோ லேயிலோ படுக்கிறோம். இரண்டுமே 3,500 மீட்டர் வாக்கில்தான்.

மணாலி 2,050 மீட்டர். முதல் ராத்திரி கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ, 3,200க்குள். அதுவரை பிரச்சினை இல்லை. மறுநாள் பாராலாச்சா லா, சுமார் 4,890 மீட்டர். படுக்கை சர்ச்சுவில் என்றால் 4,290 மீட்டர்; பாங் என்றால் அதைவிட 300 மீட்டர் கூடுதல். அதற்கு மறுநாள் லாச்சுலுங் லா, டங்லங் லா என்று இரண்டு கணவாய்கள், இரண்டும் 5,000க்கு மேல்.

மலை மருத்துவத்தில் எல்லோரும் சொல்லும் விதி ஒன்று உண்டு: 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே. பகலில் எவ்வளவு ஏறினாலும் ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் கணக்கு. கார்கில் வழியில் இந்த விதி தானாகவே காப்பாற்றப்படுகிறது. ஜிஸ்பா–சர்ச்சு வழியில் ஒரே நாளில் 1,100 மீட்டர் தாவுகிறோம்.

சர்ச்சுவில் எங்கள் கூட்டத்தில் ஒருவன், ஜிம்முக்குத் தவறாமல் போகிறவன், நடு ராத்திரி டென்டில் எழுந்து உட்கார்ந்துகொண்டான். "படுத்தா மூச்சு பத்த மாட்டேங்குதுடா" என்றான். பக்கத்தில் வைத்த பாட்டில் தண்ணீரில் பனி ஏடு கட்டியிருந்தது. தலைவலி மாத்திரை போட்டதும் வாந்தி. உயரத்தால் வரும் இந்த நோவுக்கு நல்ல மருந்து கீழே இறங்குவதுதான். சர்ச்சுவின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது: ஒரு பக்கம் பாராலாச்சா, மறுபக்கம் லாச்சுலுங். எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்றாலும் முதலில் ஏற வேண்டும். விடியும் வரை அவனை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். லே சேர்ந்த பிறகும் அவன் சைக்கிள் பக்கம் வரவில்லை. உடம்புத் தெம்புக்கும் இந்த நோவுக்கும் சம்பந்தமில்லை; ஓட்டப்பந்தய வீரனையும் விடாது. இந்த நோவைத் தடுக்க உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

மணாலி கட்சி இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி தங்கி, மூன்றாம் நாள் விடியற்காலையில் கிளம்பி, சர்ச்சுவில் படுக்காமல் ஒரே மூச்சில் லே போய்விடலாம். முடியும், நிறையப் பேர் செய்கிறார்கள். 300 கி.மீ.க்கு மேல், நடுவில் வரும் நகீ லாவையும் சேர்த்து நாலு பெரிய கணவாய்கள், கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், எல்லாம் ஒரே நாளில். லேயில் வண்டியை நிறுத்தும்போது கிளட்ச் பிடித்த கையை மடக்கி நீட்ட வராது.

சாலையின் தரத்தில் இரண்டுக்கும் குணம் வேறு. ஸ்ரீநகர் சாலையில் கஷ்டம் எல்லாம் சோஜி லாவில் ஒரே இடத்தில் மொத்தமாக இருக்கிறது. சோனமர்க்குக் கீழே 6.5 கி.மீ. சுரங்கம் 2025 ஜனவரியில் திறந்தாகிவிட்டது. சோஜி லாவுக்கு அடியிலான பெரிய சுரங்கம் இன்னும் வேலையில் இருக்கிறது. அதனால் கணவாயை மேலே ஏறித்தான் கடக்க வேண்டும்: சேறு, லாரி வரிசை, தடுப்புச் சுவர் இல்லாத ஓரம். போக்குவரத்தை நேரம் வைத்து விடுவார்கள், காலையிலேயே போய் நிற்பது புத்திசாலித்தனம். அதைத் தாண்டிவிட்டால் திராஸிலிருந்து லே வரை பெரும்பாலும் அருமையான தார்ச்சாலை. கைக்கு ஓய்வு கிடைத்த மாதிரிதான்.

மணாலி சாலையில் கஷ்டத்தைத் தவணை முறையில் தருகிறார்கள். 2020 அக்டோபரில் 9.02 கி.மீ. அடல் சுரங்கம் வந்தபின் ரோதாங் கணவாய் ஏறும் தொல்லை போய்விட்டது. ஆனால் தார்ச்சாவுக்கு மேலே நல்ல தார், திடீரென்று கல்லும் புழுதியும், மறுபடி தார் என்று மாறிக்கொண்டே இருக்கும். ஹேண்டில் உதறும் உதறலில் உள்ளங்கை எரியும். பனி உருகி வரும் ஓடைகளை அங்கே 'நாலா' என்பார்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏறியதும் மதியத்துக்கு மேல் முழங்காலைத் தொடும். அடியில் உருண்டைக் கற்கள். முதல் கியரில், கிளட்சைப் பாதியில் பிடிக்காமல், நடுவில் நிறுத்தாமல் போய்விட வேண்டும். ஷூ நனைந்துவிட்டால் அன்று முழுக்கக் கால் விறைத்துத்தான் இருக்கும்.

அழகு என்று பார்த்தால் மணாலிக்குத்தான் என் ஓட்டு. மோரே சமவெளியில் இரண்டு பக்கமும் மலை தள்ளி நிற்க, நேராகப் போகும் அந்தச் சாலைக்கு ஈடு இல்லை. ஸ்ரீநகர் வழியிலும் முல்பேக்கில் பாறையில் செதுக்கிய மைத்ரேயர், லாமாயுரு மடம், நிம்முவில் சிந்துவும் சன்ஸ்காரும் இரண்டு நிறத்தில் கலக்கும் இடம் என்று பார்க்க நிறைய உண்டு.

பெட்ரோல் கணக்கு சுருக்கமாக. ஸ்ரீநகர் சாலையில் கார்கில், கால்ட்ஸி என்று வழியில் பங்க் இருக்கிறது, யோசிக்கவே வேண்டாம். மணாலி சாலையில் டாண்டியில் டேங்கை நிரப்பினால், அடுத்து நம்பிப் போகக்கூடியது லேவுக்கு முன்னால் காருவில். நடுவே 330 கி.மீ. போல. கிளாசிக் 350 டேங்க் 13 லிட்டர். லிட்டருக்கு 30 கொடுத்தால் 390. கேட்கத் தாராளமாக இருக்கிறது. மூட்டையோடு கணவாய் ஏறும்போது அந்த 30 கிடைக்காது, ஆகவே ஆளுக்கு ஐந்து லிட்டர் கேன் அவசியம். 17 லிட்டர் டேங்க் உள்ள புது ஹிமாலயன்காரர்கள் கேன் இல்லாமல் சமாளிக்கலாம். கார்புரேட்டர் வண்டி என்றால் உயரத்தில் இழுவை குறையும், திணறும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து சொந்த வண்டியைக் கொண்டுபோகிறவர்கள் ரயில் பார்சலில் போடலாம்: ஸ்ரீநகருக்கு ஜம்மு வரை, மணாலிக்கு டெல்லி அல்லது சண்டிகர் வரை. டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது, ஆர்.சி. நகல் வேண்டும். வாடகை வண்டி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணாலியிலோ ஸ்ரீநகரிலோ எடுத்த வாடகை பைக்கை லே வரைதான் ஓட்டலாம். அதை வைத்துக்கொண்டு பாங்காங், நுப்ரா என்று சுற்ற உள்ளூர் வாடகைக்காரர்கள் விடுவதில்லை. அங்கே உள்ளூர் வண்டிதான் எடுக்க வேண்டும். சைக்கிளுக்காகப் போகிறவர்களுக்கு இதனால் நஷ்டமே இல்லை. கர்துங் லாவுக்கு ஜீப் கூட்டிப் போகிறது, பைக் லேயில் ஓய்வெடுக்கட்டும். இன்னொன்று: வெளியூர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீருக்குள் நுழைந்தாலே வேலை செய்யாது, லடாக்கிலும் அதே கதை. கூட்டத்தில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

இப்போது மூன்றாவது வழி. இரண்டு கட்சிக்காரர்களும் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தார்ச்சாவில் மணாலி சாலையை விட்டுப் பிரிந்து, ஷிங்கு லா ஏறி, சன்ஸ்காரில் பதும் இறங்கி, நிம்முவில் லே சாலையைப் பிடிக்கும் 298 கி.மீ. சாலை. 2024 மார்ச்சில்தான் இதை முழுக்க இணைத்தார்கள். கணவாய்க்கு அடியில் 4.1 கி.மீ. சுரங்கத்துக்கு அதே ஆண்டு ஜூலையில் வேலை தொடங்கியது. ஷிங்கு லா 5,000 மீட்டருக்கு மேல்தான். ஆனால் படுக்கை உயரத்தைப் பாருங்கள்: ஜிஸ்பா 3,200, பதும் சுமார் 3,650, லே 3,500. சர்ச்சு தொல்லையே இல்லை! மணாலி பக்கம்தான் போவேன் என்று அடம்பிடிக்கும் நண்பனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். தார் போடாத பகுதிகள் உண்டு, வழியில் மெக்கானிக் கிடைப்பது அரிது. டியூப்லெஸ் பஞ்சர் கிட், கிளட்ச் கேபிள், லீவர் எல்லாம் கையில் இருந்தால், ஒரு நாள் கூடுதலாகவும் இருந்தால், போகலாம்.

மாதத்தைப் பொறுத்தும் முடிவு மாறும். மே மாதம் என்றால் பேச்சே இல்லை, ஸ்ரீநகர். மணாலி சாலை அப்போது திறந்திருக்கும் என்று நம்பி லீவு போட முடியாது. ஜூலை, ஆகஸ்டில் ஹிமாசலில் மண் சரியும். ஜம்மு–ஸ்ரீநகர் சாலையும் ராம்பன் பக்கம் அதேபோலத்தான். செப்டம்பர்தான் தோது: நாலாவில் தண்ணீர் குறைந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும். காஷ்மீர் என்றதும், 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, வீட்டில் தயங்குவது இயல்பு. கிளம்பும் வாரத்து நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் பதும் வழி இருக்கவே இருக்கிறது.

என் முடிவு இதுதான். போகும்போது ஸ்ரீநகர், கார்கில், லாமாயுரு. லேயில் முதல் இரண்டு நாள் கடைத்தெருவைத் தாண்டி எங்கும் போகாமல் ஓய்வு. மூன்றாம் நாள் சைக்கிள். திரும்பும்போது மணாலி. அதற்குள் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். சர்ச்சுவில் படுத்தாலும் தூக்கம் வரும், மோரே சமவெளியை ரசிக்கத் தலைவலி இல்லாத தலை இருக்கும்.

சைக்கிள் எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருப்பதாகப் பாருங்கள். லீவரை அழுத்திப் பத்து வினாடி பிடித்தால் ஹேண்டிலை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டே போகிறதா? அந்தச் சைக்கிள் வேண்டாம். பின்பக்க பிரேக் பேடைக் குனிந்து பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், தயங்காமல் மாற்றித் தருகிற கடையில் எடுங்கள். பைக்குக்கு வாங்கிய குளிர் கையுறை சைக்கிளுக்குத் தடிமன் அதிகம், லீவர் பிடிபடாது. உள்ளே போடும் மெல்லிய உறையோடு ஒரு சாதாரண முழுவிரல் கையுறை போதும். உச்சியில் டீ குடித்துவிட்டு அதிக நேரம் நிற்காமல் கிளம்புங்கள். சவுத் புல்லுவில் கட்டாயம் ஒரு நிறுத்தம் போடுங்கள், பிரேக் ஆறட்டும், விரல்களும்தான்.