வாய் எரிச்சலும் மாறிய சுவையும்: மவுத்வாஷா, உப்பு நீரா, களிம்பா?

வாய் எரிச்சலும் நாக்கில் இனம்புரியாத கசப்பும் சேர்ந்து வரும்போது பலரும் முதலில் நாடுவது குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷைத்தான். கிருமிகளைக் கட்டுப்படுத்துவதில் அது வலிமையானது என்பதால், ஈறு வீங்கிப் பல் துலக்கவே முடியாத நிலையில் நானும் அதையே தேர்வேன். ஆனால் தொடர்ந்து பயன்படுத்தினால் சுவையுணர்வை, குறிப்பாக உப்புச் சுவையை, மங்கச் செய்வதும் பல்லில் பழுப்புக் கறை படியவிடுவதும் அதே மருந்துதான். வாய் கசக்கிறது என்று வாங்கியவருக்குக் கசப்பு கூடினால் வியப்பதற்கில்லை. பற்பசையிலுள்ள நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் குறைக்கும் என்பதால், பல் துலக்கிய கையோடு கொப்பளிப்பதும் வீண்; அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளிப்பது அவ்வளவு வலிமையானதல்ல. ஆனால் சுவையைக் கெடுக்காது, கறை படியாது, ஒரே நாளில் பலமுறை செய்யலாம். திறந்த புண்ணில் உப்பு சுரீரென்று உறைத்தால், அதற்குப் பதிலாகச் சமையல் சோடாவைச் சேர்த்துக்கொள்ளலாம். நெஞ்செரிச்சல் உள்ளவருக்குக் காலையில் வாய் புளிப்பதையும் சோடா நீர் சற்று நேரம் தணிக்கும். எனினும் அந்தப் புளிப்பு இரைப்பையிலிருந்து மேலேறி வரும் அமிலம் என்பதால் கவனிக்க வேண்டிய இடம் வாயல்ல.

களிம்புகளில் இரண்டு வகை உண்டு. மரத்துப்போகச் செய்பவை சாப்பிடும் நேரத்தைக் கடத்த உதவும், புண்ணை ஆற்றாது. அவற்றுள் பென்சோகெய்ன் கலந்தவற்றை 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவவே கூடாது. இன்னொரு வகை அழற்சியைத் தணிப்பது: டிரையம்சினலோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பை, இரவில் புண்ணைப் பஞ்சால் ஒற்றி ஈரம் நீக்கியபின், தேய்க்காமல் மெல்ல ஒற்றி வைக்க வேண்டும். அதற்குமுன் கண்ணாடியில் பார்ப்பது அவசியம். மஞ்சள் கலந்த வெண்மையான குழியைச் சுற்றிச் சிவந்த விளிம்பு தெரிந்தால் அது பெரும்பாலும் 7 முதல் 14 நாள்களில் தானே ஆறும் சாதாரண வாய்ப்புண். களிம்பு வலியைக் குறைத்து விரைவாக ஆற உதவலாம். தயிர்த்துளிகள் போன்ற வெண்படலம் துடைத்தால் பெயர்ந்து அடியில் சிவந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்தாலே இதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

இம்மூன்றுமே தொடாத காரணங்களும் உள்ளன. கிருமித் தொற்றுக்குத் தரப்படும் மெட்ரோனிடசோல், கிளாரித்ரோமைசின், நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் ஆகிய மருந்துகள் வாயில் உலோகச் சுவையை உண்டாக்கக்கூடியவை. அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் மாற்று கேட்பதே சரி. நாக்கின் சொரசொரப்பு மறைந்து, சிவந்து வழுவழுப்பாகி எரிந்தால், பி12 உயிர்ச்சத்தோ இரும்புச்சத்தோ குறைந்திருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். 3 வாரங்களைக் கடந்தும் ஆறாத புண்ணுக்கு, வலி இல்லாவிட்டாலும், எந்தப் புட்டியையும் மாற்றிப் பார்க்காமல் பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.