உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி: கட்டணத்திற்கு ஈடானதா?

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தபோது, தனியார் அமைப்பு ஒன்று நடத்திய இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சியில் கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டேன். பதவிக்காலம் முடிந்துவிட்டதால், அங்கே கற்றதில் எது கைகொடுத்தது என்பதை இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

முதல் நாள் பெரும்பாலும் வீண். நேர்மை, துணிவு, பரிவு, தொலைநோக்கு என்று திரையில் வரிசையாக வந்துபோன சொற்களைப் பார்த்தபோது, ஏதோ நிறுவன மேலாளர்களுக்காகத் தயாரித்த பாடத்தில் ‘ஊழியர்’ என்பதை ‘வாக்காளர்’ என்று மாற்றியிருக்கிறார்களோ என்ற ஐயம் எழுந்தது. மதிய உணவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் காலை வகுப்பை எடுத்தவர் ஓய்வுபெற்ற வட்டார வளர்ச்சி அலுவலர். பழைய தீர்மானப் புத்தகம் ஒன்றின் நகலைக் கொடுத்து, அதிலுள்ள தவறைக் கண்டுபிடிக்கச் சொன்னார். தொகை, தேதி, பெயர் என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்க, அவர் விரலை வைத்துக் காட்டியது தீர்மானத்தின் கடைசி வரிக்கும் கையெழுத்துகளுக்கும் நடுவில் இருந்த நான்கு விரற்கடை வெற்றிடத்தை. கூட்டம் கலைந்தபின் எந்த வேலையையும் எந்தத் தொகையையும் அங்கே எழுதிக்கொள்ளலாம் என்பதால், குறுக்குக்கோடு போட்ட பிறகே கையெழுத்திட வேண்டும் என்றார். காசோலையில் தலைவருடன் துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதன் நோக்கத்தையும், மொத்தமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடும் துணைத் தலைவர் அதை எப்படிக் கெடுக்கிறார் என்பதையும் விளக்கினார். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வர வேண்டும். வராதபோது வருகைப் பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுபோகும் வழக்கத்தைப் பற்றி அவர் பேசியபோது, அரங்கில் பலர் தலை குனிந்தோம்.

குடவோலை முறையின் பெருமையை முதல் நாளே பேசியிருந்தார்கள். ஆனால் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியம் என்ற ஊர் நிர்வாகக் குழுவில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் தகுதியற்றவர்கள் என்று விதி இருப்பதை எடுத்துச் சொன்னவர் இந்த அலுவலர்தான்.

பெரிய குறை ஒன்று உண்டு. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டிலேயே சட்டமாகிவிட்டது. அப்படியிருந்தும், பெண் தலைவர்களுடன் வந்த கணவர்களுக்கும் அமைப்பாளர்கள் பெயர் அட்டை மாட்டிவிட்டு, மனைவியிடம் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்வதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமைப் பண்பைக் கற்பிக்க வந்தவர்கள் அந்த நாற்காலிகளை வெளியே போட்டிருக்க வேண்டும்.

பயிற்சிக்குப் பிந்தைய மன்றக் கூட்டத்தில், பேனாவை வாங்கிக் கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திட்டேன். “என்னக்கா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?” என்று ஊராட்சி செயலர் கேட்டார். எல்லாக் கூட்டத்திலும் இனி இப்படித்தான் என்றேன். இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாதவர், பிறகு தாமே அடிக்கோலுடன் வரத் தொடங்கினார்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். மூன்றும் அந்தக் காலை வகுப்புக்கே. சேர விரும்புவோர், இரண்டாம் நாளுக்கு மட்டும் கட்டணம் வாங்குவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.